பால் ஃபெயோஷின் ‘லோன்சம்’: பார்த்தவர்கள் பகிர்வது

ஹங்கேரி இயக்குநர் பால் ஃபெயோஷ் எடுத்து, 1928-இல் ஹாலிவுட்டின் யூனிவர்சல் நிறுவனம் வெளியிட்ட ‘லோன்சம்’ படத்தில் கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. நியூயார்க்கில் தனியாக வாழும் ஒரு மிஷின் தொழிலாளி, ஒரு டெலிபோன் ஆபரேட்டர், அரைநாள் விடுமுறை, அவ்வளவுதான். வேலை நேரக் காட்சியை மட்டும் இரண்டு முறை ஓட்டிப் பாருங்கள். மிஷின், சுவிட்ச்போர்டு, அழைப்பவர்களின் முகங்கள், எல்லாவற்றுக்கும் மேல் ஓடும் கடிகாரம். அன்று இப்படி ஒன்றின்மேல் ஒன்று படியும் அடுக்குகளைப் பெரும்பாலும் கேமராவுக்குள்ளேயே செய்தார்கள். ஒரு காட்சியை எடுத்ததும் லென்ஸை மூடி, ஃபிலிமைத் தொடங்கிய ஃபிரேம் வரை பின்னோக்கிச் சுற்றி, அதன்மேல் அடுத்ததை எடுப்பார்கள். இரண்டு பதிவு என்றால் ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய பாதி வெளிச்சம்தான் தரவேண்டும். கூடினால் படம் வெளிறிவிடும். ஃபிலிம் துளைகளில் இம்மி பிசகினாலும் ஓர் அடுக்கு மட்டும் தனியாக நடுங்கும். ஃபெயோஷின் அடுக்குகள் அசையாமல் நிற்பதைக் கவனியுங்கள்.

*

அடுக்குகள் சரி, ஆனால் திடீரென்று இருவரும் பேசத் தொடங்குகிறார்களே, அந்த இடத்தில் பலர் படத்தை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள். மௌனப்படமாக முடிந்த பிறகு, டாக்கி (பேசும் படம்) மோகத்தில் சேர்த்த மூன்று பேச்சுக் காட்சிகள் அவை. கேமராவின் இரைச்சல் மைக்கில் விழாமலிருக்க அதைக் கூண்டுக்குள் அடைத்தார்கள். நடிகர்களும் மைக்கை விட்டு நகர முடியாது. அதனால்தான் அதுவரை கூட்டத்துக்குள் புகுந்து ஓடிய கேமரா அங்கே மரமாக நிற்கிறது. அது இயக்குநரின் கை தளர்ந்ததல்ல.

*

பிரதி விஷயத்தில் கவனம். கேளிக்கைப் பூங்காவின் இரவுக் காட்சிகளில் விளக்குகளுக்கு நிறம் பூசப்பட்டிருக்கும். முழுக்கக் கறுப்பு வெள்ளையாக இருந்தால் அந்தப் பிரதி வேண்டாம். பிரான்சின் திரைப்படக் காப்பகமான சினிமாதெக்கில் கிடைத்த பிரிண்டிலிருந்து அமெரிக்காவின் ஜார்ஜ் ஈஸ்ட்மன் ஹவுஸ் அருங்காட்சியகம் மீட்டதையே 2012-இல் கிரைடீரியன் என்ற வீடியோ நிறுவனம் வெளியிட்டது. அதே தொகுப்பில் ஃபெயோஷின் ‘பிராட்வே’யும் (1929) உண்டு. ஒளிப்பதிவாளர் ஹால் மோருடன் சேர்ந்து அதற்கென்றே உருவாக்கிய பெரிய கிரேன், இரவு விடுதி செட்டின் உயரத்தையெல்லாம் அளக்கிறது. படம் சுமார்தான், கிரேனுக்காகவே பார்க்கலாம்.

பிறகு 1932-இல் ஃபெயோஷ் ஹங்கேரிக்குத் திரும்பி எடுத்த ‘டவசி ஸாபோர்’. ஒலி கைவசம் இருந்தும் அதில் வசனம் மிகச் சொற்பம். நாயகி அன்னபெல்லாவின் முகமும் இசையுமே கதையைக் கொண்டுபோகின்றன.