மண்டைக்குள்ள ஒரு குரல் திட்டிக்கிட்டே இருக்கு, எப்படி சமாளிக்கிறீங்க?

கேள்வி:
திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்குறேன். ஆபீஸ்ல யாரும் குறை சொல்றதில்ல, ஆனா உள்ளுக்குள்ள ஒரு குரல் "நீ எதுக்குமே லாயக்கில்ல, இன்னைக்கு மாட்டப்போற"ன்னு ஓயாம சொல்லுது. ஜிஎஸ்டி ஃபைல் அனுப்பிட்டு வீட்டுக்கு வந்தும் போனை எடுத்து அதே மெயில திரும்பத் திரும்ப திறந்து பாக்குறேன், சாப்பிட உக்காந்தா நெஞ்சு படபடன்னு அடிக்குது, ராத்திரி முழிப்பு வந்தா அவ்ளோதான், விடியுற வரைக்கும் தூக்கம் இல்ல. அம்மா கண்ணு பட்டிருக்கும்னு சுத்திப் போடுறாங்க. இதோட வாழ்றவங்க என்ன பண்றீங்க?

பதில்:
எனக்கும் இதே கதைதான் தங்கச்சி. அந்தக் குரலை அடக்கப் பாத்தா இன்னும் சத்தமாத்தான் வரும். கவுன்சிலர் எனக்கு சொல்லிக் குடுத்தது, அது சொல்றத அப்படியே நோட்டுல எழுதி, பக்கத்துலயே நிஜமா நடந்தது என்ன, நானா சேத்துக்கிட்டது என்னன்னு பிரிக்கிறது. "மேனேஜர் குட்மார்னிங்க்கு பதில் சொல்லல, வேலை போகப்போகுது"ன்னு எழுதுனேன், நடந்தது பாத்தா அவர் போன் பேசிட்டே போனார், அவ்வளவுதான். இத சிபிடின்னு சொல்வாங்க, நம்ம எண்ணத்தையும் பழக்கத்தையும் மாத்துற பேச்சு சிகிச்சை, 1960கள்ல ஆரோன் பெக்ங்கிற அமெரிக்க டாக்டர் ஆரம்பிச்சு வச்ச முறை. இன்னொண்ணு, மெயில திறந்து பாக்குறத கொஞ்சம் கொஞ்சமா குறைங்க, பாத்த நிமிஷம் நிம்மதியாத்தான் இருக்கும், ஆனா பாத்ததாலதான் தப்பிச்சோம்னு மனசு பழகிக்கும், அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் பதறும்.

பதில்:
மனநலப் பிரிவுல நர்ஸா இருக்கேன் மா. முதல்ல தைராய்டு டெஸ்ட் எடுத்துடுங்க, அது அதிகமா சுரந்தாலும் இதே படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் வரும். சாயங்காலத்துக்கு மேல டீ காபி வேண்டாம். படபடப்பு வரும்போது மூச்சை இழுக்குறத விட விடுறது நீளமா இருக்கட்டும். யார்கிட்டயாவது பேசணும்னா 14416, டெலி மானஸ்ங்கிற மனநல உதவி எண், 2022ல மத்திய அரசு ஆரம்பிச்சது, காசு கிடையாது, 24 மணி நேரமும் தமிழ்லயே பேசலாம். டாக்டர் மாத்திரை குடுத்தா பல மாத்திரை கேக்கவே சில வாரம் ஆகும், பலனில்லன்னு நீங்களா நிறுத்திடாதீங்க. அம்மா சுத்திப் போட்டா போடட்டும், டாக்டரையும் பாருங்க.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிக்கா ரெண்டு பேருக்கும். கவுன்சிலிங் போனா ஆபீஸ்ல தெரிஞ்சிடுமோன்னுதான் பயமா இருக்கு.

பதில்:
நீங்களா சொன்னாத்தான் தெரியும் மா. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்துலயே ரகசியம் காக்கணும்னு இருக்கு, தைரியமா போங்க.