ரேஷன் அரிசியில் தெரியும் அந்த வித்தியாசமான மணிகள்: பார்த்தவை, பழகியவை

அரிசி ஆலையில் தரம் பார்ப்பவர்:

வெளிர் மஞ்சளாக, கொஞ்சம் மங்கலாக, மற்ற அரிசியோடு சேராமல் தெரியும் மணிகளைப் பார்த்ததும் "பிளாஸ்டிக் அரிசி" என்று பலர் முறத்தில் போட்டுப் பொறுக்கி எறிந்துவிடுகிறார்கள். ரேஷனில் வருவது செறிவூட்டிய அரிசி, அதாவது சத்து சேர்த்த அரிசி; அரசு செலவு செய்து கொடுக்கும் அந்தச் சத்து முழுக்க இந்த மணிகளில்தான் இருக்கிறது. குருணை மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 கலந்த பொடியைச் சேர்த்துப் பிசைந்து, எக்ஸ்ட்ரூடர் எனும் பிழியும் இயந்திரத்தில் அரிசி வடிவத்தில் வெட்டி, காயவைத்து எடுப்பவை இந்த மணிகள். சாதா அரிசி 100 கிலோவுக்கு இந்த மணிகள் 1 கிலோ கலக்க வேண்டும். 50 கிலோ மூட்டைக்கு அரை கிலோ. கலந்து முடித்த ஒரு கிலோ அரிசியில் இரும்பு 28 முதல் 42.5 மில்லிகிராம், ஃபோலிக் அமிலம் 75 முதல் 125 மைக்ரோகிராம், பி12 0.75 முதல் 1.25 மைக்ரோகிராம் இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அளவு.

சந்தேகம் இருந்தால் நாலைந்து மணியைத் தனியே எடுத்துக் கரண்டியில் சுட்டுப் பாருங்கள். கருகி, தீய்ந்த சோற்று வாடை வரும். பிளாஸ்டிக் என்றால் உருகி இழுபடும்.

நியாயவிலைக் கடை விற்பனையாளர்:

அண்ணா சொன்னது சரி. ஆனால் எல்லா மூட்டையும் ஒன்றுபோல வருவதில்லை. ஒன்றில் அள்ளி அள்ளி வருகிறது, அடுத்ததில் தேடினாலும் கிடைப்பதில்லை. அட்டைதாரர் கேட்டால் என்ன சொல்வது?

அரிசி ஆலையில் தரம் பார்ப்பவர்:

அது கலக்கும் இடத்துக் குறை. மணிகளைச் சீராக விடும் ஃபீடர் அடைத்துக்கொண்டாலோ, பிளெண்டர் எனும் கலக்கும் இயந்திரம் இல்லாமல் ஆள் வைத்து மண்வெட்டியால் புரட்டினாலோ இப்படித்தான் ஆகும். கடையிலேயே பார்க்க வழி இருக்கிறது. மூட்டையின் மேல், நடு, அடி மூன்று இடத்திலும் எடுத்துக் கலந்து, அதில் 100 கிராம் நிறுத்து, கறுப்புத் துணியில் பரப்பி மணிகளைப் பிரித்தெடுங்கள். ஏறத்தாழ 1 கிராம் தேற வேண்டும். ரொம்பக் குறைந்தாலோ கூடினாலோ மூட்டைச் சீட்டில் உள்ள ஆலைப் பெயரையும் லாட் எண்ணையும் (எந்தத் தொகுப்பில் வந்த மூட்டை என்று காட்டும் எண்) எழுதி கிடங்குக்குத் தெரிவியுங்கள். அட்டைதாரர்கள் ரேஷன் புகார் எண்ணான 1967-க்கு அழைக்கலாம். "அரிசி சரியில்லை" என்று மட்டும் சொன்னால் எதுவும் நடக்காது, லாட் எண் முக்கியம்.

அங்கன்வாடிப் பணியாளர்:

சமையலில்தான் பாதி போகிறது. இந்த மணிகளில் பல தண்ணீரில் மிதக்கும். அரிசி களையும்போது பாத்திரத்தைச் சாய்த்தால் கழுநீரோடு ஓடிவிடும். சல்லடையில் வடித்தால் தங்கும். இரண்டு தண்ணீர் போதும்; தேய்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டாம்.

கஞ்சி வடிக்கிற வீடுகளில் ஃபோலிக் அமிலமும் பி12-உம் கஞ்சியோடு கொஞ்சம் போகும், இரண்டும் நீரில் கரைபவை. அளவாகத் தண்ணீர் வைத்துப் பொங்குவது நல்லது. வடித்தே பழகியவர்கள் அந்தக் கஞ்சியில் உப்புப் போட்டுக் குடிக்கலாம், மாட்டுத் தொட்டிக்குப் போக வேண்டாம். இட்லிக்கு ஊறவைத்தால் ஊறிய தண்ணீரையே விட்டு அரைக்கலாம்.

"ரேஷன் அரிசியே சத்து அரிசி, அப்புறம் இரும்புச்சத்து மாத்திரை எதுக்குக்கா?" என்று கர்ப்பிணிகள் கேட்கிறார்கள். அந்த எண்ணம்தான் பயமாக இருக்கிறது.

ஊட்டச்சத்து ஆலோசகர்:

அக்கா, கணக்கைக் காட்டினால் புரிந்துகொள்வார்கள். தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி ஆளுக்கு மாதம் 5 கிலோ என்றால் நாளைக்கு சுமார் 165 கிராம். அதில் கிடைக்கும் கூடுதல் இரும்பு 4.6 முதல் 7 மில்லிகிராம். வயது வந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் வேண்டும் என்பது 2020-இல் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் கொடுத்த அளவு. ஆக, ஒழுங்காகச் சமைத்தாலும் தேவையில் நாலில் ஒரு பங்குகூட வராது. கர்ப்பிணிக்குக் கொடுக்கும் ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இருக்கிறது. அரிசியால் அந்த மாத்திரையை ஈடுகட்ட முடியாது.

இன்னொன்று, சோற்றின் நிறம் மாறாமல் இருக்க இதில் பெரும்பாலும் ஃபெரிக் பைரோபாஸ்பேட் என்ற இரும்புச் சேர்மத்தைச் சேர்க்கிறார்கள். இதை உடம்பு எளிதில் ஏற்பதில்லை. சோற்றோடு நெல்லிக்காய்த் துவையலோ, எலுமிச்சை பிழிந்த கீரையோ இருந்தால் கொஞ்சம் கூடும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் குறையும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கச் சொல்லுங்கள்.

புரதத்துக்கு இந்த அரிசி எதுவும் செய்யாது. அதற்குத் துவரம்பருப்பும் முட்டையும்தான். சத்து அரிசி வந்துவிட்டதே என்று பருப்பைக் குறைக்கும் வீடுகள் இருக்கின்றன, அதைத் தடுத்தே ஆக வேண்டும்.

நியாயவிலைக் கடை விற்பனையாளர்:

தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் உள்ள பிள்ளை இருக்கும் வீட்டுக்கு என்ன சொல்வது?

ஊட்டச்சத்து ஆலோசகர்:

அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்பவர்கள் உடம்பில் இரும்பு ஏற்கெனவே சேர்ந்திருக்கும். வீட்டில் இந்த அரிசிதான் சமைக்கிறோம் என்று சிகிச்சை தரும் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லச் சொல்லுங்கள். அவர் வேண்டாம் என்றால் அந்தப் பிள்ளைக்கு மட்டும் செறிவூட்டாத அரிசியைத் தனிப் பாத்திரத்தில் வைக்கலாம். மற்றவர்கள் இதையே சாப்பிடலாம்.