மட்டக்களப்பு நகரில் பச்சைவீட்டு வாயுக்களைக் குறைக்க எதிலிருந்து தொடங்குவது?

கேள்வி (புளியந்தீவு)

அன்பின் உறவுகளுக்கு வணக்கம். காபனீரொட்சைட்டு, மெதேன் போன்ற, பூமியைச் சூடாக்கும் பச்சைவீட்டு வாயுக்களைக் குறைப்பது குறித்து மாநகர சபையிடம் கையளிப்பதற்கான கோரிக்கைக் கடிதத்தை எழுதும் பொறுப்பை எங்கள் வட்டாரச் சங்கம் என்னிடம் ஒப்படைத்திருக்கிறது. மரநடுகை, சூரியக்கலம், மின்சார முச்சக்கர வண்டி என்று கூட்டத்தில் பலரும் பலவற்றைச் சொன்னார்கள். எல்லாவற்றையும் எழுதினால் எதுவும் நடவாது என்பது என் அனுபவம். பெரிய ஆலைகள் இல்லாத, வாவி சூழ்ந்த இந்த நகரில் சபையிடம் முதலில் எதைக் கேட்பது, எங்கள் வீடுகளில் எதை மாற்றுவது?

பதில் 1 (கல்லடி)

சகோதரி, குப்பையிலிருந்து தொடங்குங்கள். நம் வீட்டு வாளியில் சேர்வதில் பாதிக்கு மேல் சோறு, மீன்கழிவு, மரக்கறித் தோல், தேங்காய்ப்பூச் சக்கை போன்ற உக்கும் பொருள்களே. அவை காற்றோட்டத்துடன் உக்கினால் பெரும்பாலும் காபனீரொட்சைட்டே வெளியேறும். குப்பைமேட்டின் அடியில் அமுங்கி, மாரி மழையில் ஊறி, காற்றில்லாமல் அழுகும்போதோ மெதேன் உண்டாகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால், அது அதே நிறையுள்ள காபனீரொட்சைட்டைவிட ஏறக்குறைய 28 மடங்கு வெப்பமூட்டும் வாயு.

எங்கள் வளவில், அடிப்பக்கம் வெட்டி, பக்கங்களில் துளையிட்ட பிளாஸ்டிக் பீப்பா ஒன்று இருக்கிறது. முதல் மாதம் மீன்கழிவை அப்படியே கொட்டியதால் புழு வைத்து, நாற்றம் அயல்வீட்டாரையும் வருத்தியது. அதன்பின் ஒவ்வொரு முறையும் கழிவு மறையும்வரை சருகு போட்டு மூடினோம். வாரம் ஒருமுறை கம்பால் கிளறினோம். கையில் எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு நீர் கசியும் அளவுக்கு ஈரத்தைப் பேணினோம். நாற்றம் நின்றது. மூன்று மாதத்தில் கிடைத்த கறுத்த கூட்டெரு இப்போது கத்தரிக்கும் பயற்றங்கொடிக்கும் போகிறது. முன்பு காலைதோறும் கூட்டி எரித்த சருகு இன்று எங்களுக்குப் போதாமல் இருக்கிறது.

சபையிடம் கேட்க வேண்டியது, உக்கும் கழிவைத் தனி நாளில், தனி வண்டியில் எடுத்துக் கூட்டெருவாக்குவதுதான். சந்தை, உணவகங்கள், திருமண மண்டபங்கள் ஆகியவற்றிலிருந்து தொடங்கினால் குறைந்த வண்டிகளில் மிகுந்த கழிவு சேரும். வளவில்லாத வீடுகளை அடுத்ததாகச் சேர்க்கலாம். வீட்டார் பிரித்துக் கொடுத்ததையெல்லாம் உழவு இயந்திரப் பெட்டியில் ஒன்றாகக் கொட்டினால், மறுவாரமே மக்கள் பிரிப்பதை விட்டுவிடுவார்கள். இதைக் கடிதத்தில் அழுத்தமாக எழுதுங்கள்.

பதில் 2 (காத்தான்குடி)

மேலே சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆயினும் வீதியையும் விட்டுவிடலாகாது. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோகிராம் காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது. 2022இன் எரிபொருள் நெருக்கடியில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று பங்கிட்டபோது, நாம் சைக்கிளில் கடைக்கும் பள்ளிக்கும் போய்வந்தோம். மேடு பள்ளமில்லாத ஊர் இது. இரண்டு கிலோமீற்றர் தூரத்துக்கு இயந்திரம் தேவையில்லை. அன்று நெருக்கடி நம்மைச் சைக்கிளில் ஏற்றியது. இன்று அதை விட்டு இறங்க வைப்பவை வெயிலும் விரைந்து வரும் வாகனங்களுமே. ஆகவே பிள்ளைகள் ரியூஷனுக்குப் போகும் வீதிகளில் நிழல் மரங்களையும், சைக்கிளுக்கென்று ஒதுக்கிய ஓரத்தையும், சந்தையிலும் பஸ் நிலையத்திலும் கூரையிட்ட சைக்கிள் தரிப்பிடத்தையும் கேளுங்கள்.

பதில் 3 (சம்மாந்துறை)

ஒரு விடயத்தை மட்டும் சேர்க்கிறேன். நீர் தேங்கி நிற்கும் நெல்வயலின் சேற்றிலும் மெதேன் உண்டாகிறது. எனவே எங்கள் வட்டையில் விளைந்த சோற்றை நகரத்தில் வீணாக்கிக் குப்பையில் கொட்டும்போது, ஒரே அரிசி இரண்டு முறை அந்த வாயுவை வெளியேற்றுகிறது. விதைத்த நாள் முதல் அறுவடை வரை நீரைத் தேக்கி வைக்காமல், இடையிடையே வற்றவிட்டுப் பாய்ச்சினால் வயலின் மெதேன் வெகுவாகக் குறையும், நீரும் மிஞ்சும். வாய்க்கால் நீர் உரிய நாளில் கிடைக்கும் என்ற உறுதி இருந்தால்தான் விவசாயி துணிந்து வற்றவிடுவார். அது எங்கள் பக்கத்து வேலை. மண்டபங்களில் மிஞ்சும் சோற்றைக் கடிதத்தில் சேர்ப்பது உங்கள் பக்கத்து வேலை.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. உக்கும் கழிவை முதற்கோரிக்கையாகவும், சைக்கிள் ஓரத்தை இரண்டாவதாகவும் எழுதுகிறேன். மண்டபங்களின் மிச்சச் சோறு முதற்கோரிக்கைக்குள்ளேயே வரும். கல்லடி ஐயாவிடம் ஒரு கேள்வி: மாரியில் சருகெல்லாம் நனைந்துவிடுமே, அப்போது பீப்பாவை எதனால் மூடுகிறீர்கள்?

பதில் 1 (கல்லடி)

புரட்டாதியிலேயே சருகை உரப்பைகளில் அடைத்துத் தாழ்வாரத்தில் அடுக்கிவிடுவோம். அது தீர்ந்தால் தும்புத்தூள் போடலாம். பீப்பாவின் வாயை ஒரு தகரத்தால் மூடி, மேலே கல் வைத்துவிடுங்கள். மழைநீர் இறங்கினால் உள்ளே காற்றுப் போகாமல் மறுபடியும் அழுகத் தொடங்கும்.