650 வாட் போதுமா? மறுபடியும் பாதி லோடு சண்டை

சிலிக்கான்சித்தன்:
ரைசன் 5 7600 பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 4070 கிராபிக்ஸ் கார்டு போட்டு கம்ப்யூட்டர் கட்டப்போகிறவருக்கு வாட்வேந்தன் 850 வாட் பவர் சப்ளை வாங்கச் சொல்லியிருக்கிறார். சப்ளையின் அளவில் பாதியை மெஷின் இழுக்கும்போதுதான், அதாவது பாதி லோடில்தான், எபிஷியன்சி (சுவரிலிருந்து எடுப்பதில் வீணாகாமல் மெஷினுக்குப் போகும் பங்கு) உச்சம் என்பது அவர் சொல்லும் காரணம். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. அந்தக் கார்டு 200 வாட். பிராசஸர் 88. மற்றதெல்லாம் சேர்த்தாலும் 350-ஐத் தொட்டால் பெரிது. 650 வாட் சப்ளைக்கு அது பாதிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். உங்கள் விதிப்படி பார்த்தாலே 850 எதற்கு?

வாட்வேந்தன்:
விதி என்னுடையது இல்லை தம்பி. 80 பிளஸ் கோல்டு என்கிற எபிஷியன்சி முத்திரை வாங்க 115 வோல்ட் சோதனையில் 20 சதவீத லோடில் 87 சதவீதம், பாதியில் 90, முழு லோடில் 87 காட்ட வேண்டும். பாதியில்தான் உச்சம். நாளைக்குப் பெரிய கார்டு மாற்றினால் யார் பதில் சொல்வது?

சிலிக்கான்சித்தன்:
தம்பி வேண்டாம். நமக்குள் அந்தப் பழக்கம் இல்லை. வெறும் 3 சதவீதம்! 350 வாட் லோடுக்குச் சுவரிலிருந்து 389 இழுப்பதா, 402 இழுப்பதா என்கிற வித்தியாசம். அப்புறம், பிரவுசர் மட்டும் ஓடும்போது மெஷின் 60 வாட்டில் நிற்கும். 850-க்கு அது 7 சதவீதம். 20-க்குக் கீழே கோல்டு எதையும் கேட்பதே இல்லை. அங்கே உங்கள் பாதி லோடு எங்கே போனது?

பழையகேபிள்:
இருவரும் எபிஷியன்சியிலேயே நிற்கிறீர்கள். ஆர்டிஎக்ஸ் 3090 கார்டு வந்தபோது நொடிக்கும் குறைவான ஸ்பைக்கில் (மின் இழுப்பு திடீரென எகிறுவதில்) நல்ல சப்ளைகளே அணைந்துபோயின. அதனால்தான் 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 என்கிற பவர் சப்ளை விதிமுறை, சப்ளை தன் அளவைப் போல் 2 மடங்கை 100 மைக்ரோ விநாடி தாங்க வேண்டும் என்றது. அதைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

வாட்வேந்தன்:
பார்த்தீர்களா, அதற்குத்தான் 850.

சிலிக்கான்சித்தன்:
இல்லை, பழையகேபிள் சொன்னது 650-க்கும் பொருந்தும். கோல்டு ஸ்டிக்கர் எபிஷியன்சியை மட்டும்தான் சொல்லும். ஓவர் கரண்ட் பாதுகாப்பு (மின்னோட்டம் அளவு மீறினால் அணைத்துவிடுவது) ஒழுங்காக வேலை செய்யுமா என்று அது சொல்லாது. இதை எத்தனை தடவை எழுதுவது?

வாட்வேந்தன்:
ஒரு பிராண்டின் மாடுலர் (கழற்றி மாட்டும்) கேபிளை இன்னொரு பிராண்டு சப்ளையில் செருகலாம் என்று போன மாதம் எழுதியவர் பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறார்.

சிலிக்கான்சித்தன்:
அப்படி நான் எழுதவே இல்லை! கேபிளைச் சப்ளையில் செருகும் முனையில் பின்களின் (pin) வரிசை பிராண்டுக்குப் பிராண்டு மாறும், மாற்றிச் செருகினால் ஹார்ட் டிஸ்க் புகையும் என்று எச்சரித்ததே நான்தான். எடுத்துக் காட்டுங்கள்.

பழையகேபிள்:
ஒரே பிராண்டுக்குள்ளேயே மாடலுக்கு மாடல் மாறும்.

சிலிக்கான்சித்தன்:
தெரியும். பேச்சை மாற்ற வேண்டாம். 650-இல் 350 எத்தனை சதவீதம்?

வாட்வேந்தன்:
பாதியில் 90, முழுசில் 87. இது தப்பா, சரியா?

சிலிக்கான்சித்தன்:
நான் கேட்டது அதுவல்ல. 54 சதவீதம். பாதிக்கு அதைவிட நெருக்கமாக 850 எப்படி வரும்? கணக்குப் போட்டுக் காட்டிவிட்டு அப்புறம் பேசுங்கள்.

வாட்வேந்தன்:
கணக்கு எனக்கும் தெரியும். பெரிய கார்டு போட்டால் உங்கள் 54 எங்கே நிற்கும் என்று நீங்கள் முதலில் சொல்லுங்கள்.