மாமா மாத்திரை ஆரம்பிச்சு 9 நாள் ஆச்சு, பேத்தியைப் பக்கத்துல விடலாமா?

கேள்வி (ஆயர் ஈத்தாம், பினாங்கு):

வணக்கம். நாங்க இருக்கிறது ஃபிளாட்ல, 11-ஆவது மாடி. மாமாவுக்கு 67 வயசு. மூணு மாசமா இருமல். கடையில இருமல் மருந்து வாங்கிக் குடிச்சே சமாளிச்சாரு. இடுப்பு இளைச்சு பெல்ட்டுல புது ஓட்டை போட்டதைப் பார்த்த பிறகுதான் கிளினிக்குக் கூட்டிட்டுப் போனோம். எக்ஸ்ரே எடுத்து, சளி பார்த்து, நுரையீரல் காசநோய்னு சொல்லிட்டாங்க. தினமும் காலையில கிளினிக்ல மிஸ்ஸி (நர்ஸ்) முன்னாடி மாத்திரை விழுங்கிட்டு வர்றாரு. இன்னிக்கு 9-ஆவது நாள்.

என் மகளுக்கு 3 வயசு. தாத்தா நெஞ்சு மேல படுத்தாத்தான் தூக்கமே வரும். இப்ப அவர் கதவைச் சாத்திக்கிட்டு உள்ளேயே இருக்காரு. தட்டு, குவளை, துண்டு எல்லாம் தனி. நேத்து இவ கதவுக்கு அடியில பிஸ்கட்டைத் தள்ளிவிட்டுட்டு, "தாத்தா சாப்பிடுங்க"ன்னு உட்கார்ந்திருந்தா. எத்தனை நாள் இப்படி வச்சிருக்கணும்? ஒவ்வொருத்தர் ஒவ்வொன்னு சொல்றாங்க.

பதில் 1 (செந்தூல், கோலாலம்பூர்):

என் அப்பாவுக்கு வந்தப்ப டாக்டர் ரெண்டு வாரம்னு சொன்னாரு. ஆனா ரெண்டு மாசம் கழிச்சும் அண்ணனோட சிநேகிதருக்குச் சளியில கிருமி தெரிஞ்சுதாம். அதனால நான் ரெண்டு வாரத்தை நம்ப மாட்டேன். மாத்திரை சாப்பிடுற ஆறு மாசமும் ஒதுங்கியே இருக்கட்டும்.

பதில் 2 (பிறை):

தங்கச்சி, நான் அரசாங்க கிளினிக்ல மிஸ்ஸியா இருந்து ஓய்வு பெற்றவ. கடைசி 12 வருஷம் டிபி அறையிலதான்.

ரெண்டு வாரம்ங்கிறது காலண்டர் கணக்கு இல்ல, விழுங்கின மாத்திரைக் கணக்கு. சரியான மருந்து உள்ளே போன முதல் ரெண்டு மூணு நாள்லயே வேகமாப் பெருகுற கிருமிங்க கொத்துக் கொத்தாச் சாகும். இருமல் நிக்கிறதுக்கு முன்னாடியே பரவுறது குறைஞ்சிடும். அமெரிக்காவுல 2024-ல வந்த வழிகாட்டுதல், பெரும்பாலானவங்களுக்கு 5 நாள் சிகிச்சையே போதும்னு சொல்லுது. நம்ம ஊர்ல கிளினிக் சொல்ற நாளையே வச்சுக்குங்க. ஆனா இதெல்லாம் மருந்துக்கு அடங்குற கிருமிக்குத்தான். ரிஃபாம்பிசின்ங்கிற முக்கியமான டிபி மருந்துக்குக் கிருமி அடங்குதான்னு பார்த்தாச்சான்னு டாக்டர்கிட்ட கண்டிப்பாக் கேளுங்க. அடங்கலேன்னா கணக்கே வேற.

செந்தூல் தம்பிக்கு: சளியை நுண்ணோக்கியில பார்க்கிறப்ப செத்த கிருமியும் தெரியும். ரெண்டாம் மாசம் தெரிஞ்சா டாக்டர் கல்ச்சர் வச்சு, அதாவது கிருமி உயிரோட வளருதான்னு, பார்ப்பாரு, அது அவசியம்தான். அதுக்காக எல்லாரையும் ஆறு மாசம் அடைச்சு வைக்கிறது நியாயம் இல்லப்பா. 1956-ல மெட்ராஸ் சேத்துப்பட்டுல ஓர் ஆராய்ச்சி தொடங்கினாங்க. நோயாளிகள்ல பாதிப் பேரைச் சானடோரியத்துல (காசநோய்க்கான தனி ஆஸ்பத்திரி) வச்சாங்க, பாதிப் பேருக்கு நெருக்கமான சின்ன வீடுகள்லயே மாத்திரை கொடுத்தாங்க. வீட்டுல இருந்தவங்க குடும்பத்துக்கு அதனால கூடுதலா நோய் வரல. உலகம் சானடோரியங்களை மூடினதுக்கு நம்ம சனங்க வீட்டுல நடந்த அந்த ஆராய்ச்சி ஒரு பெரிய காரணம்.

தங்கச்சி, நீங்க கதவைப் பார்த்துக்கிட்டு இருக்கீங்க. நான் கவலைப்படுறது அதுக்கு முந்தின மூணு மாசத்தைப் பத்தி. மருந்து இல்லாம அவர் இருமின ராத்திரியெல்லாம் பிள்ளை நெஞ்சு மேலதான் படுத்திருக்கா. பிறந்ததும் காசநோய்க்கான பிசிஜி தடுப்பூசி போட்டிருந்தாலும் முழுசா நம்பி இருக்க முடியாது. அவளுக்குப் பரிசோதனை ஆச்சா? கையில மாண்டூ ஊசி போட்டு, ரெண்டு மூணு நாள் கழிச்சு வீக்கத்தை அளப்பாங்க. எக்ஸ்ரேயும் எடுப்பாங்க. அஞ்சு வயசுக்குள்ள பிள்ளைக்கு நோய் இல்லேன்னாலும் தடுப்பு மாத்திரை கொடுக்கிறது வழக்கம். இதைத் தள்ளிப் போடாதீங்க.

தட்டு, குவளை, துண்டுல இது ஒட்டாது. காத்துல மட்டும்தான் பரவும். சன்னலைத் திறந்து வைங்க. 11-ஆவது மாடிக் காத்து உங்களுக்குப் பெரிய துணை. டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் அவர் தனியாப் படுக்கட்டும், ஆள் பக்கத்துல இருந்தா முகக்கவசம் போடட்டும்.

இன்னொன்னு: சிறுநீர் செம்மஞ்சளாப் போகும், அது மருந்தோட நிறம். ஒரு பெரியவர் ரத்தம்னு பயந்து யாருக்கும் சொல்லாம மூணு வாரம் மாத்திரையை நிறுத்திட்டாரு. திரும்பி வந்தப்ப மறுபடியும் சளி நிறையக் கிருமி. கண் மங்கினாலோ மஞ்சளானாலோ, வாந்தி நிக்காம வந்தாலோ அன்னிக்கே போய்ச் சொல்லணும்.

கேள்வி கேட்டவர்:

அக்கா, மகளுக்குப் பரிசோதனை பண்ணணும்னு கிளினிக்ல சொல்லி இருந்தாங்க. மாமாவைப் பார்த்துக்கிற பதற்றத்துல அடுத்த வாரம்னு விட்டுட்டேன். நாளைக்குக் காலையில அவரோடவே கூட்டிட்டுப் போறேன். தட்டெல்லாம் இன்னிக்கு ஒண்ணாக் கழுவிட்டேன். சாயங்காலம் மாமா முகக்கவசம் போட்டுக்கிட்டு வெளி நடைபாதையில நாற்காலி போட்டு உட்கார்ந்தாரு. இவ வாசப்படியில உட்கார்ந்துக்கிட்டு, எந்தக் கையில ஊசி போடுவாங்கன்னு அவர்கிட்ட கேட்டுக்கிட்டு இருக்கா.