புதுப்பிப்பு: சவுக்குக் கட்டை மெழுகுவர்த்தித் தாங்கி, வெடிப்பு நின்றது

கிறிஸ்துமஸுக்காகச் சவுக்குக் கட்டையில் மெழுகுவர்த்தித் தாங்கி செய்கிறேன், காயக் காய அறுத்த முனை வெடிக்கிறது என்று கேட்டிருந்தேன். வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, "அறுத்த அன்றே இரு முனைகளிலும் மரப்பசை பூசுங்கள்" என்ற யோசனை. ஈரம் வெட்டுமுகம் வழியாகத்தான் விரைந்து வெளியேறும். பசை அதைத் தாமதப்படுத்துகிறது. முன்பு கடலூர் வெயிலில் மொட்டை மாடியில் காயவைத்தது என் முட்டாள்தனம். இம்முறை ஆறு வாரம் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. எட்டுத் துண்டுகளில் ஒன்றில் மட்டும் மயிரிழை அளவு கீறல்.

அலுமினியக் கிண்ணத்தில் வரும் சிறு மெழுகுவர்த்தியின் விட்டம் ஏறக்குறைய 38 மி.மீ. என்பதால், 40 மி.மீ. துளையிடும் அலகால் குழி போட்டேன். கச்சிதமாக உட்கார்ந்தது.

எதிர்பாராதது வேறு. ஒருநாள் காலையில் தரையில் அரிசிமாவு சிந்தியதுபோல் தூள்! பட்டைக்கு அடியில் வண்டு துளைத்திருந்தது. பட்டை இருந்தால்தான் அழகு என்று இங்கே வாதாடியவன் நான்தான். துளை விழுந்த இரண்டை எறிந்துவிட்டு, மற்றவற்றின் பட்டையை உரித்துவிட்டேன்.

கிண்ணமில்லாத மெழுகுவர்த்தியை மரக்குழியில் நேரடியாக வைக்காதீர்கள். திரி அடிவரை எரிந்தால் கட்டையும் பற்றிக்கொள்ளும்.