கடைசி இருபது நிமிடத்தில் ஏன் கோட்டை விடுகிறோம்?

சைக்கிள்கடை:
வணக்கம். திருகோணமலை டவுனுக்குள் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். பின்னேரமானால் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, நான் படித்த கல்லூரியின் 18 வயதுக்குட்பட்ட உதைபந்தாட்ட அணிக்கு உதவியாகப் போகிறேன். பொறுப்பாசிரியர் கணிதம் படிப்பிக்கிறவர். வரவு எடுப்பதும் வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்குவதும் அவர் வேலை, பந்து விஷயம் என் தலையில்.

எங்கள் குழுவில் ஐந்து அணிகள், முதல் இரண்டுக்குத்தான் அடுத்த சுற்று. முதல் போட்டி பின்னேரம் 3.30க்கு. இடைவேளைக்குப் போகும்போது 2-0 என்று முன்னால் நின்றோம், கடைசியில் 2-3 என்று தோற்றோம். இரண்டாவதும் அதே நேரம், 1-0 ஆக இருந்தது 1-1 ஆனது. மூன்றாவது போட்டி காலை 8.30க்கு, 2-0, வெற்றி. நாலாவது வருகிற சனிக்கிழமை, திரும்பவும் 3.30. அதில் வென்றே ஆக வேண்டும்.

பிள்ளைகளுக்கு மூச்சு போதவில்லை என்று நினைத்து டச்பே மணலில் இரண்டு கிழமை ஓடவிட்டேன். இரண்டு பேருக்குக் கெண்டைக்கால் பிடித்ததுதான் மிச்சம். அடுத்த சிக்கல் கீப்பர். பதினோராம் வகுப்புப் பையன், கை நல்ல கை, ஆனால் இரண்டாம் பாதியில் அவன் அடிக்கிற கோல் கிக் (எதிரணி அடித்துப் பந்து கோல் கோட்டுக்கு வெளியே போனால் திரும்ப உதைப்பது) நடுக்கோட்டைத் தாண்டுவதே இல்லை. முதல் பாதியில் அதே கால்தான் எதிரணியின் பெனால்டிப் பெட்டி வரைக்கும் அடிக்கிறது. பயமா, களைப்பா? யாராவது சொல்லுங்கள்.

பழைய விங்கர், உப்புவெளி:
தம்பி, விடையை நீங்களே எழுதிவிட்டுத்தான் கேள்வி கேட்கிறீர்கள். கீப்பரின் கால் அல்ல, கச்சான், அந்தத் தென்மேற்குக் காற்று. ஆடி மாதத்துப் பின்னேரம் அது எப்படி வீசும் என்று உங்கள் கடைக்குள் வந்து விழுகிற புழுதியைக் கேட்டாலே சொல்லும். காலை 8.30க்கு அது எழும்பவில்லை, நீங்கள் வென்றீர்கள். சரி, ஒன்று சொல்லுங்கள்: டொஸ் வென்றால் உங்கள் கப்டன் என்ன கேட்கிறான்?

சைக்கிள்கடை:
பின்னேரப் போட்டி இரண்டிலும் வென்றான் அண்ணன். பந்தைத்தான், அதாவது முதல் உதையைத்தான் கேட்டான். நாங்கள் விளையாடிய காலத்தில் டொஸ் வென்றவனுக்குப் பக்கம், மற்றவனுக்குப் பந்து என்றுதானே இருந்தது. இப்போது பந்தையும் கேட்கலாம் என்றதும் அவனுக்கு அதில் ஒரு ஆசை.

பழைய விங்கர், உப்புவெளி:
அதுதான் விஷயம். 2019இல் விதியை மாற்றினார்கள்: வென்றவர் பந்தையும் எடுக்கலாம், பக்கத்தையும் எடுக்கலாம். உங்கள் பிள்ளை பந்தை எடுக்க, எதிரணி பக்கத்தை எடுத்திருக்கிறது. அவர்கள் கெட்டிக்காரர்கள். கால் புதிதாக இருக்கும்போது காற்றுக்கு எதிரே நின்று பிடித்துக்கொண்டு, நீங்கள் களைத்த பிறகு காற்றை முதுகில் வாங்கியிருக்கிறார்கள். முதல் போட்டியில் உங்களுடைய அந்த 2-0இல் பாதி, காற்று போட்ட கோல். முதல் உதை எத்தனை விநாடிக்கு உதவும்? பக்கம் ஒரு பாதி முழுக்க உதவும்.

அதே வருடம் இன்னொன்றும் மாறியது. கோல் கிக் இப்போது பெட்டியை விட்டு வெளியே போகத் தேவையில்லை. உதைத்துப் பந்து அசைந்தாலே ஆட்டம் தொடங்கிவிடும். அதுவரை எதிரணி பெட்டிக்கு வெளியேதான் நிற்க வேண்டும். காற்றுக்கு எதிரே ஏன் அந்தப் பிள்ளை வானத்துக்கு அடிக்கிறான்? பெட்டிக்குள்ளேயே பக்கத்தில் நிற்கிற பின்வரிசைக்காரனுக்குத் தரையோடு கொடுக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு சங்கதி. காற்று முதுகில் இருக்கும்போது நம் பிள்ளைகள் நீளமாகத் தட்டிவிட்டு ஓடுவார்கள், பந்து எதிர்க் கீப்பரின் கையில் போய் விழும். காற்று எதிரே இருந்தால் பின்வரிசைக்குப் பின்னால் போடுகிற பந்து அங்கேயே நின்று கொடுக்கும். வேகமான முன்வரிசைக்காரன் இருந்தால் அது உங்களுக்கு வரம்.

தாமரை ரீச்சர்:
அண்ணன் சொல்வது சரிதான், ஆனால் எல்லாப் பழியையும் கச்சான்மேல் போடாதீர்கள். என் மகனும் ஒரு அணியில் விளையாடுகிறான். பள்ளிக்கூடம் 1.30க்கு விடும். பிறகு ஒரு பணிஸ், ஒரு குளிர்ச் சோடா, அதோடு கிரவுண்ட். அந்த வெயிலில் அது எவ்வளவு நேரத்துக்குத் தாங்கும்? சோறு கட்டிக் கொடுங்கள், பள்ளிக்கூடம் விட்ட கையோடு சாப்பிடட்டும், ஆட்டத்துக்கு முன் ஒரு வாழைப்பழம் போதும். தண்ணீரை இடைவேளையில் மடமடவென்று குடிக்காமல் காலையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். போட்டி விதியில் இடமிருந்தால் பாதிக்கு நடுவில் ஒரு நிமிடத் தண்ணீர் இடைவேளை தருவார்கள். முதலே நடுவரிடம் கேட்டு வையுங்கள். மணலில் ஓடவிட்டதை இந்தக் கிழமை நிறுத்துங்கள். போட்டிக்கு முந்திய நாட்களில் அது தேவையே இல்லை.

சைக்கிள்கடை:
சனிக்கிழமைக் கதையைச் சொல்லிவிடுகிறேன். பத்துப் பேருக்கு வீட்டுச் சோறு வந்தது, மற்றவர்களுக்குக் கணித சேரின் மனைவி கட்டிக் கொடுத்தார். டொஸ் நேரத்தில் கப்டன் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து ஊதவிட்டுப் பார்த்தான், நடுவரே சிரித்துவிட்டார். வென்றான், பக்கத்தைக் கேட்டான். முதல் பாதி காற்றுக்கு எதிரே.

பதினைந்தாவது நிமிடம் கீப்பர் நீங்கள் சொன்னபடி பெட்டிக்குள் கொடுத்தான். வாங்கியவன் திரும்புவதற்குள் எதிரணிக்காரன் ஓடிவந்து பறித்து கோலாக்கிவிட்டான். அண்ணன், அந்த நேரம் உங்களை மனதுக்குள் நன்றாக ஏசினேன். ஆனால் பையன் அடுத்ததையும் அப்படியே கொடுத்தான், அதற்கடுத்ததையும்.

இரண்டாம் பாதியில் ஒருவனும் களைக்கவில்லை. 52ஆம் நிமிடம் சமன் செய்தோம். ஒரு பந்து கம்பத்தில் பட்டது, இன்னொன்று நேரே கீப்பரின் நெஞ்சில். 1-1. ஐந்து புள்ளி, குழுவில் மூன்றாம் இடம், வீட்டுக்கு.

கப்டனுக்கு ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) வருகிறது, அவன் இனி ரியூசன்தான். கீப்பருக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. நேற்றுப் பின்னேரம் கடைக்கு வந்து, கையுறைக்குள் கிழிந்த இடத்தை சைக்கிள் ரியூப் ஒட்டுகிற பசையால் ஒட்டித் தரச் சொன்னான். ஒட்டிக் கொடுத்தேன்.

பழைய விங்கர், உப்புவெளி:
அந்தப் பசை வெயிலுக்கு இளகும் தம்பி. நூலால் தைத்துக் கொடுங்கள்.